குவாரிஸ்மீயின் ஏடும் கேம்பிரிட்ஜின் கணிப்பொறியும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலே பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் கையெழுத்துப் படி ஒன்று பேணப்பட்டு வருகிறது. அளவிற் சிறியது, அதிலும் இறுதிப் பகுதி இல்லை. அதன் தொடக்கத்திலேயே நூலாசிரியரின் பெயர் அல்கோரிஸ்மி எனக் குறிக்கப்பட்டுள்ளது. இலத்தீன் உடையில் நிற்கும் இப்பெயருக்குரியவர் வேறு யாருமல்லர். கலீஃபா மஃமூனின் காலத்தில் (813-833) பக்தாதிலிருந்து அறிவுப்பணி புரிந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ அவர்களே. இந்தியர்களின் ஒன்பது எண்களையும் சுழியையும் கொண்டு கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் வேண்டிய முறைகளை அவர்கள் அரபியில் எழுதிவைத்தார்கள். அந்த அரபி மூலம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. இலத்தீனில் பெயர்த்தெழுதியவர்களின் வழியாகவே அது உலகிற்குத் தெரியவந்தது. 1857-ஆம் ஆண்டில் பொன்கொம்பாக்னி என்னும் இத்தாலியப் பிரபு கேம்பிரிட்ஜ் ஏட்டை உரோமாபுரியில் அச்சிட்டு வெளியிட்டார். இதனினும் நிறைவான மற்றொரு படி நியூயார்க்கில் இருப்பது அறியப்பட்டு 1997-இல் பதிப்பிக்கப்பெற்றது.

கேம்பிரிட்ஜ் ஏட்டில் ஒரு புதுமை உண்டு. எண்களைப் பற்றிய அந்நூலைப் படியெடுத்தவர், எண்கள் வரவேண்டிய இடங்களிற் பலவற்றை வெற்றிடமாகவே விட்டுச் சென்றிருக்கிறார். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என எண்ணினார் போலும். அவருக்குப் பழக்கமில்லாத புதிய வடிவங்கள் அல்லவா அவை! சொற்களெல்லாம் இருக்க, அச்சொற்கள் எதைப் பற்றியனவோ அது மட்டும் இல்லாமல் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஏடு நிற்கிறது.

குவாரிஸ்மீயின் பெயரே திரிந்து 'அல்காரிதம்' என்னும் சொல்லாயிற்று. ஒரு கணக்கை முடிப்பதற்கு முதலில் இன்னது செய்க, பின்னர் இன்னது செய்க, இன்னது நேர்ந்தால் இவ்வழியே செல்க என ஐயத்திற்கு இடமின்றி வகுத்துரைக்கும் செயல்முறைக்கே அப்பெயர். கணிப்பொறி இயலின் உயிர்நிலை இதுதான். இது பற்றி நம் மேடைகளில் ஒரு மிகை பேசப்படுவதுண்டு. கம்ப்யூட்டரையே நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டதாக முழங்குவார்கள். கேட்போரும் மகிழ்ந்து கலைவார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. குவாரிஸ்மீ தந்தது முறை. பொறியைச் செய்தவர்கள் வேறு மக்கள். அதற்காக அவர்கள் பட்ட பாடும் வேறு. அந்தப் பாட்டின் பெரும்பகுதி, அந்த ஏட்டைப் பேணிவரும் அதே கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது என்பதே நம் நெஞ்சைத் தொடுவது. அவ்வரலாற்றை நம் இல்லங்களில் உள்ளோர், சிறப்பாகக் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர், அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

1828 முதல் 1839 வரை கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் பாபேஜ். பற்சக்கரங்களால் ஆன பெருங் கணக்குப் பொறியை வாழ்நாளெல்லாம் கனவு கண்டு, முடிக்க இயலாமலே மறைந்தார். அதே ஊரின் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரை, முறைப்படுத்தக்கூடிய கணக்கு எதனையும் செய்யவல்ல ஒரு கற்பனைப் பொறியை வரைந்து காட்டியது. இவ்விருவரும் பல்கலைக்கழகத்தின் பெருமைகள்தாம். ஆயினும் இவர்களால் அங்கு ஒரு துறை உருவாகிவிடவில்லை. துறை பிறந்தது மிக எளிய தேவை ஒன்றிலிருந்து. இயற்பியலாரும் வேதியியலாரும் நீண்ட கணக்குகளைக் கையாற் போட்டுக் களைத்துப் போயினர். அவர்களுக்கு உதவுவதற்கென்று 1937-இல் 'கணித ஆய்வுக்கூடம்' ஒன்று நிறுவப்பட்டது. லெனார்டு ஜோன்ஸ் என்னும் வேதியியல் பேராசிரியர் அதன் தலைவர். இருபத்துநான்கு வயது இளைஞர் மாரிஸ் வில்க்ஸ் அவருக்குத் துணை. உடற்கூற்றியல் பயிற்றுவித்த பழைய கட்டடமே அதற்கு இடமாக வாய்த்தது. பிணங்களை அறுத்துப் பயின்ற கூடத்தில்தான் கணிப்பொறி பிறந்தது.

போர் மூண்டதும் ஆய்வுக்கூடத்தை அரசு எடுத்துக்கொண்டது. வில்க்ஸ் ராடார் பணிக்குச் சென்றுவிட்டார். 1945-இல் திரும்பி வந்து தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் அவருடைய வாழ்வைத் திருப்பிய ஓர் இரவு வந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய காம்ரி என்னும் கணித அறிஞர் ஓர் அறிக்கையைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஜான் வான் நியூமன் எழுதியது அது. செயல்முறைக் கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் இருத்தி இயங்கும் மின்னணுப் பொறி எவ்வாறு அமையவேண்டும் என்பதை அது விளக்கிற்று. காம்ரி மறுநாட் காலையில் ஊர் செல்ல வேண்டும். அறிக்கையும் அவருடனே செல்லும். படியெடுக்கும் எந்திரம் எதுவும் இல்லாத காலம். வில்க்ஸ் இரவு நெடுநேரம் கண்விழித்துப் படித்தார். இனி உலகம் செல்லும் வழி இதுவே என அப்போதே தெளிந்தார்.

இதனை எழுதுங்கால் நம் ஓதும் பருவம் நினைவிற்கு வருகிறது. உஸ்தாதிடம் இருந்த ஒரே கிதாபை இரவல் பெற்று, சுபுஹுக்கு முன் திருப்பித் தரவேண்டும் என்ற கெடுவோடு விளக்கடியில் அமர்ந்த இரவுகள் நமக்கும் உண்டு. இரவல் நூலைப் படிப்பதுபோல் சொந்த நூலை எவரும் படிப்பதில்லை.

சில வாரங்களில் பிலடெல்பியாவிலிருந்து தந்தி வந்தது. மூர் பள்ளியில் கணிப்பொறி பற்றிய விரிவுரைகள். வந்து கலந்துகொள்க என்னும் அழைப்பு. போருக்குப் பிற்பட்ட கப்பல் நெருக்கடியில் இடம் கிடைக்கத் தாமதமாயிற்று. விரிவுரைகள் தொடங்கிப் பல வாரங்கள் கடந்த பின்னரே போய்ச் சேர்ந்தார். ஆயினும் திரும்பும் வழியில் 'குவீன் மேரி' கப்பலிலேயே தம் பொறியின் வரைவைத் தொடங்கிவிட்டார். அதற்கு 'எட்சாக்' என்று பெயரிட்டார். பிறரெல்லாம் மிகச் சிறந்த பொறியைச் செய்ய முனைந்து காலந்தாழ்த்த, வில்க்ஸ் இயங்கினால் போதும் எனத் துணிந்து எளிய பொறியைச் செய்தார். விரைவை ஓரளவு விட்டுக்கொடுத்தாலும், பல்கலைக்கழகத்தார் நாள்தோறும் கணக்குப் போட ஒரு பொறி கைக்கு வரவேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் வெற்றிக்கு இத்துணிவே காரணம் என்பது நம் கருத்து.

பொறியின் நினைவகம் அமைந்த விதம் சுவையானது. ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள எஃகுக் குழாய்களில் பாதரசத்தை நிரப்பினார்கள். ஒரு முனையில் மின்துடிப்புகள் ஒலித்துடிப்புகளாக மாறிப் பாதரசத்தினூடே செல்லும். மறுமுனையை அடைந்ததும் மீண்டும் மின்துடிப்புகளாகும். வலுவூட்டப்பெற்று முதல் முனைக்கே திருப்பி அனுப்பப்படும். இவ்வாறு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் வரைதான் நினைவு. சுற்று நின்றால் மறதி. திருமறையை மனனம் செய்த ஹாபிழ், தவ்ர் ஓதிக்கொண்டே இருந்தாலன்றி மனனம் தங்காது என்பதை அறிந்த நம் வீட்டார்க்கு இந்த அமைப்பை விளக்க வேறு உவமை தேவையில்லை. ஏறத்தாழ மூவாயிரம் வால்வுகள், ஓர் அறை நிறைந்த சட்டங்கள், துளையிட்ட தாள்நாடா, அச்சிடத் தொலையச்சுப்பொறி. இவ்வளவையும் கொண்டு நொடிக்கு அறுநூற்றுக்கும் சற்று மேற்பட்ட கட்டளைகளை அது நிறைவேற்றிற்று. இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசிக்கு இது நகைப்பாக இருக்கலாம். அன்று மேசைக் கணக்குப் பொறியைச் சுற்றிச் சுற்றிக் கைசலித்தவர்களுக்கு இது வேறோர் உலகம்.

1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் எட்சாக் முதன்முறையாகச் செயல்முறை ஒன்றை முழுமையாக நிறைவேற்றி, சுழி முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட்டுக் கொடுத்தது. நினைவகத்தில் செயல்முறையை இருத்தி இயங்கிய முதற்பொறி இதுவன்று. மான்செஸ்டரில் முந்திய ஆண்டு ஜூன் மாதமே ஒரு சிறு பொறி அதனைச் செய்துகாட்டிவிட்டது. ஆயினும் அது சோதனைப் பொறி. பிற துறையார் தம் கணக்குகளைக் கொண்டுவந்து முடித்துச் செல்லும்படி நாள்தோறும் பணிபுரிந்த வகையில் எட்சாக்கிற்கே முதலிடம்.

இதற்குப் பண உதவி செய்தோரில் ஒரு தேநீர்க்கடை நிறுவனமும் உண்டு. லண்டன் தெருக்களெங்கும் தேநீர் விடுதிகள் நடத்திய லயன்ஸ் கம்பெனியார் மூவாயிரம் பவுனும் ஒரு பணியாளரின் உழைப்பும் கொடுத்துதவினார்கள். கைம்மாறாக எட்சாக்கின் அமைப்பைப் பின்பற்றித் தங்களுக்கென ஒரு பொறியைச் செய்துகொண்டு, 1951-இல் ரொட்டி, கேக்கு விற்பனைக் கணக்கை அதில் ஏற்றினார்கள். வணிகத்திற்குப் பயன்பட்ட முதற் கணிப்பொறி, ரொட்டிக் கணக்குப் பார்க்கவே பிறந்தது. வாணிபத்தில் ஊறிய நம் சமுதாயத்தார் இச்செய்தியைக் கருத்தில் கொள்க. அந்தக் கம்பெனியார் கல்விக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததைக் கவனித்தும் இருந்தார்கள்.

நிற்க. பொறி ஓடத் தொடங்கியதும் எவரும் எதிர்பாராத ஓர் இடர் தலைகாட்டிற்று. பொறியைச் செய்வதே கடினம், கட்டளைகளை எழுதுவது எளிது என்றே அதுவரை எல்லாரும் எண்ணியிருந்தனர். வில்க்ஸ் தாமே எழுதிய முதற் பெரிய செயல்முறை 126 வரிகளைக் கொண்டது. அதில் ஏறத்தாழ இருபது பிழைகள்! தம் எஞ்சிய ஆயுளின் ஒரு நல்ல பங்கு தம் சொந்தச் செயல்முறைகளிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்பது ஒருநாள் மாடிப்படியில் செல்லும்போது தம் மனத்தில் உறைத்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். கணிப்பொறி இயல் என்பது ஒரு தனிக்கல்வியாக வேண்டியதன் காரணம் அந்த மாடிப்படியில்தான் பிறந்தது என்று நாம் சொல்வோம். பொறியைச் செய்வது பொறியியல். மனிதன் தவறின்றிக் கட்டளை எழுதக் கற்பது வேறு கல்வி.

அக்கல்வியின் முதற்பாடத்தை எழுதியவர் டேவிட் வீலர் என்னும் ஆராய்ச்சி மாணவர். அவர் செய்தது என்னவென்பதை விளங்கிக்கொள்ள, நம் மத்ரஸாக் கல்வியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருவோம்.

இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பகிரும் ஃபராயிள் கல்வியை நாம் பல்லாண்டுகளாகப் போதித்து வருகிறோம். குவாரிஸ்மீயின் 'அல்-ஜப்ரு' நூலிலும் ஒரு பெரும்பகுதி இதற்கே உரியது. இயற்கணிதம் என்னும் கலைக்குப் பெயர் தந்த அந்நூல், வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வணிகம் முதலான மக்கள் தேவைகளை முன்னிட்டே எழுதப்பெற்றது. நம் மாணவர்கள் இக்கணக்கில் எங்கே தவறுகிறார்கள்? கூட்டலிலோ பெருக்கலிலோ அன்று. நடுவே ஒரு கிளைக் கணக்கு வரும். மூன்று மகள்மாருக்கு ஒரு பங்கு மீதமின்றிப் பிரியவில்லை எனின், அதைச் சரிசெய்யத் தனியே ஒரு கணக்குப் போடவேண்டும். போட்டு முடித்ததும் முதற் கணக்கில் விட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டும். மாணவர் கிளைக் கணக்கைச் சரியாகவே போடுவார். விட்ட இடத்தை மறந்துவிடுவார். "எங்கிருந்து வந்தீர், தம்பி? அங்கேயே திரும்பிப் போம்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்!

வீலர் கண்ட வழியும் இதுவே. அடிக்கடி தேவைப்படும் கிளைக் கணக்குகளை ஒருமுறை பிழையற எழுதி வைத்துவிடுவது. எந்தக் கணக்கு அதனை அழைத்தாலும் அழைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு சென்று, முடிந்ததும் அவ்விடத்திற்கே திரும்பி வருவது. இதற்கு 'வீலர் தாவல்' என்றே பெயராயிற்று. இத்தகைய துணைச் செயல்முறைகளைத் தாள்நாடாக்களில் துளையிட்டு ஒரு பேழையில் வரிசையாக வைத்தார்கள். எவர் வேண்டுமாயினும் எடுத்துப் படியெடுத்துத் தம் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். 1951-இல் அந்த நூலகத்தில் 87 துணைச் செயல்முறைகள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறைகளை நூலாக வெளியிட்டனர். செயல்முறை எழுதும் கலை பற்றி உலகில் அச்சேறிய முதல் நூல் அது. தாங்கள் கண்டதை மறைத்து வைத்திருப்பின் சில ஆண்டுகள் தாங்கள் மட்டுமே முந்தியிருந்திருக்கலாம். அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிற நாடுகளிற் பொறி செய்தவர்கள் அந்நூலைக் கொண்டே தங்கள் பிள்ளைகளைப் பயிற்றினார்கள்.

எட்சாக்கின் முன் பல துறையாரும் தங்கள் தாள்நாடாக்களோடு வரிசையில் நின்றனர். மரபியலறிஞர் ஃபிஷர் 1950-இலேயே தம் சமன்பாட்டைக் கொண்டுவந்தார். 79 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று 1951-இல் கண்டறியப்பட்டது. விண்மீன்களின் உட்புறத்தை ஆராய்ந்த ஜாய்ஸ் என்னும் மாணவி (பின்னாளில் வீலரின் துணைவியார்) இரவில் தாமே பொறியை இயக்கிக் கணக்குப் போட்டார். எல்லாவற்றிலும் பெரிது ஜான் கெண்ட்ரூவின் பணி. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தின் உருவத்தை எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து கணக்கிட்டறிய மனித ஆயுள் போதாது. எட்சாக்கும் அதன்பின் 1958-இல் வந்த எட்சாக்-2-உம் அதனை முடித்துக் கொடுத்தன. ஒரு புரதத்தின் உருவத்தை மனிதன் கண்டது அதுவே முதன்முறை. 1962-இல் வேதியியல் நோபல் பரிசு கெண்ட்ரூவுக்கும் பெருட்ஸுக்கும் கிடைத்தது. இப்பரிசை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. மீண்டும் அதற்கு வருவோம்.

1953-இல் பல்கலைக்கழகம் ஓராண்டு பட்டயப் படிப்பைத் தொடங்கிற்று. கணிப்பொறியை வகுப்பில் அமர்த்திக் கற்பித்த உலகின் முதற் படிப்பு இதுவேயாகும். 2008 வரை அது நடந்தது. 1970-இல் கணித ஆய்வுக்கூடம் 'கணிப்பொறி ஆய்வுக்கூடம்' எனப் பெயர் மாறிற்று; பல்கலைக்கழகத்தார்க்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சேவை ஒருபுறமும், கற்பித்தலும் ஆராய்தலும் மறுபுறமுமாகப் பணி பிரிந்தது. பிறருக்கு ஊழியம் செய்யப் பிறந்த ஒரு கூடம், தனக்கென ஒரு கல்வி உண்டு என்று சொல்ல முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. 2017-இல் அதன் பெயர் மீண்டும் மாறி, 'கணிப்பொறி அறிவியல், தொழில்நுட்பத் துறை' என்றாயிற்று. பெயர்களின் வரலாற்றை இத்துடன் நிறுத்துவோம்.

1964 முதல் பணிபுரிந்த 'டைட்டன்' என்னும் பொறியில் பலர் ஒரே வேளையில் அமர்ந்து வேலை செய்யலாயினர். ஒருவரின் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க இரகசியச் சொற்கள் தேவைப்பட்டன. அச்சொற்களைப் பொறிக்குள்ளேயே எழுதி வைத்தால் களவு போகாதா? ரோஜர் நீடம் அவற்றை மீளப் படிக்க முடியாத வடிவிற்கு மாற்றிச் சேமிக்கும் வழியைச் செயலுக்குக் கொணர்ந்தார். இன்று வங்கிக் கணக்கின் இரகசியச் சொல்லும் இந்த அடிப்படையிலேயே காக்கப்படுகிறது. நீடம் 1980 முதல் 1995 வரை துறைக்குத் தலைவராக விளங்கினார்.

அவருடைய துணைவியார் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் பற்றி இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். கணிதம் படித்து வந்தவர் அல்லர். வரலாறும் தத்துவமும் படித்தவர். ஒரு சொல் எல்லா ஏடுகளிலும் வருமாயின் அச்சொல்லால் தேடுவதற்குப் பயன் குறைவு. சில ஏடுகளில் மட்டும் வருமாயின் அதற்கே மதிப்பு மிகுதி என்னும் கருத்தை எண்வடிவில் வகுத்து 1972-இல் வெளியிட்டார். கேட்பதற்கு எளிது. பின்னாளில் தோன்றிய தேடுபொறிகள் அக்கருத்தின்மேல் எழுந்தன. ஆயினும் பல்லாண்டுகள் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே காலந்தள்ளினார். பேராசிரியர் என்னும் பதவி 1999-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு அறுபத்துநான்கு வயது. உலகிற்கு முன்னோடி என்று புகழப்பெறும் ஒரு துறையும் தன் வீட்டிலிருந்த அறிவை இத்தனை காலம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. பெண்மக்களின் கல்வியைப் பற்றி நம் இல்லங்களில் பேசும்போது இந்த வரலாற்றை இரு திறத்தாரும் எண்ணிப் பார்க்கலாம்.

இடையே ஒரு வேடிக்கை. ஆய்வறை ஒன்றின் வெளியே காப்பிக் குவளை இருந்தது. மாடியேறி வந்து பார்த்தால் பல நேரம் காலி. ஆகவே 1991-இல் அதன் எதிரே ஒரு படப்பெட்டியை நிறுத்தி, அவரவர் கணிப்பொறித் திரையிலேயே காப்பி இருக்கிறதா என்று பார்க்கும்படி செய்தார்கள். 1993-இல் அக்காட்சி இணையத்தில் ஏறிற்று. உலகெங்குமிருந்து மக்கள் அக்குவளையைப் பார்த்தார்கள். 2001-இல் புதுக் கட்டடத்திற்குக் குடிபோனபோது அது நிறுத்தப்பட்டது. அறிஞர்களுக்கும் சோம்பல் உண்டு என்பதோடு, சோம்பலிலிருந்தும் சில பிறக்கும் என்பதும் இதனால் விளங்கும்.

வளர்ச்சி ஒரே நேர்க்கோடாகச் சென்றதாக எவரும் எண்ணவேண்டாம். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இத்துறைக்குச் சேர விண்ணப்பிப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. வந்தவர்களுக்கும் பொறியின் உள்ளியல்பு தெரியவில்லை. முன்னர், 1981-இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகான் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறி பள்ளிகளில் புகுந்தது. திறந்ததும் அது கட்டளைக்காகவே காத்து நிற்கும். பிள்ளைகள் தாமே எழுதிப் பழகினார்கள். பின்வந்த பொறிகளோ பார்க்கவும் விளையாடவும் எளிதாயின. எழுதுவதற்கு வாய்ப்புக் குறைந்தது. பயன்படுத்துவோர் பெருகப் பெருக, அறிந்தோர் அருகினர். துறையில் கற்பித்துவந்த எபன் அப்டனும் அவர்தம் தோழர்களும் இதற்காக வருந்தியதோடு நிற்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மலிவான கணிப்பொறியை வகுத்து, 2012 பிப்ரவரி 29-இல் விற்பனைக்கு விட்டார்கள். 'ராஸ்பெரி பை' என்பது அதன் பெயர். விலை முப்பத்தைந்து டாலர். சில ஆயிரம் விற்கலாம் என எண்ணித் தொடங்கியது ஆறு கோடியையும் கடந்துவிட்டது. விண்ணப்பங்கள் குறைந்தபோது விளம்பரம் செய்யாமல், பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுத்த இந்தச் செயல், மாணவர் குறைந்துவரும் நம் மத்ரஸாக்களின் நிருவாகிகள் ஆராயத்தக்கது.

இனி வருங்காலம். கேம்பிரிட்ஜில் கணிப்பொறி இயல் படித்து 1997-இல் பட்டம் பெற்றவர் டெமிஸ் ஹஸ்ஸாபிஸ். அவரும் அவர் தோழர் ஜான் ஜம்பரும் செய்த 'ஆல்ஃபாஃபோல்டு' என்னும் செயற்கை அறிவுச் செயல்முறை, புரதங்களின் உருவை முன்னறிந்து கூறுகிறது. 2022-இல் ஏறத்தாழ இருபது கோடிப் புரதங்களின் உருவங்கள் வெளியிடப்பட்டன. 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி இவ்விருவருக்கும் உரியதாயிற்று. கெண்ட்ரூ ஒரே ஒரு புரதத்திற்கு ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற அதே பரிசு! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எட்சாக்கிற்குச் செய்ய வேண்டியதை மனிதன் வரி வரியாக எழுதிக் கொடுத்தான். ஏன் இந்த விடை வந்தது என்று கேட்டால் காட்டலாம். இன்றைய பொறி எண்ணற்ற எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே பழகிக்கொள்கிறது. விடை சரியாக இருக்கிறது, வழி தெரிவதில்லை. சில வேளைகளில் விடையும் தவறு. தவறையும் அதே உறுதியோடு சொல்கிறது.

ஹதீஸ் கல்வி பயின்ற நாம், செய்தி அழகாயிருக்கிறது என்பதற்காக மட்டும் எதனையும் ஏற்கப் பழகியவர்கள் அல்லர். யார் வாயிலாக வந்தது என்று முதலில் கேட்போம். சங்கிலி அறுந்திருந்தால் ஒதுக்கிவைப்போம். அறிவிப்பாளர் வரிசையில்லாத மத்தன் போன்றது இப்பொறியின் விடை. கேம்பிரிட்ஜில் இதற்கு எதிர்த்திசையிலும் பாடுபட்டு வருகிறார்கள் என்பது நமக்கு ஆறுதல். ஒரு நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் பொறியைக் கொண்டே சரிபார்க்கும் 'இஸபெல்' என்னும் செயல்முறையை லாரன்ஸ் பால்சன் அங்கே 1986-இல் உருவாக்கத் தொடங்கினார். நினைவகத்தில் எந்தச் செயல்முறை எந்த எல்லைவரை தொடலாம் என்பதைப் பொறியின் உறுப்பிலேயே வரையறுக்கும் ஆராய்ச்சி 2010 முதல் நடந்து வருகிறது. இது வில்க்ஸும் நீடமும் 1970-களில் செய்து பார்த்த பொறியொன்றின் கருத்தே. முப்பதாண்டுகள் கிடப்பில் கிடந்து, தகவற் களவு பெருகிய காலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. எழுதி வைத்திருந்ததால் எடுக்க முடிந்தது. செயல்முறைகளையே பொறி எழுதித் தரும் இக்காலத்தில், எழுதக் கற்பிப்பதைவிடச் சரிபார்க்கக் கற்பிப்பதே இத்துறையின் வருங்காலப் பணியாகும் என்று நமக்குத் தோன்றுகிறது. மாடிப்படியில் வில்க்ஸுக்கு உறைத்தது இன்னும் முடியவில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் பின்னர்ப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவர், "ஹஸ்ரத், ஃபராயிள் கணக்கைக் கைப்பேசியிலேயே போடும்படி எழுதியிருக்கிறேன், பார்க்க வேண்டும்" என்றார். நாம் மிம்பர் கணக்கைக் கொடுத்தோம். இறந்தவருக்கு ஒரு மனைவி, இரு மகள்மார், தாய், தந்தை. மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்மாருக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. இருபத்துநான்காக வைத்தால் மூன்று, பதினாறு, நான்கு, நான்கு, மொத்தம் இருபத்தேழு. இருபத்துநான்கு பங்கில் இருபத்தேழை எப்படிக் கொடுப்பது? மிம்பரில் நின்ற அலி (ரலி) அவர்களிடம் இக்கேள்வி வந்ததாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அவர்கள் அங்கேயே விடையளித்ததாகவும் அறிவிக்கப்படுகிறது. மொத்தத்தையே இருபத்தேழாக உயர்த்திக்கொள்வதுதான் 'அவ்ல்'. மாணவரின் செயல்முறையோ, தாய்க்கும் தந்தைக்கும் கொடுப்பதற்குள் சொத்தை முடித்துவிட்டது. கடைசியில் வந்த தந்தைக்கு நான்கிற்குப் பதில் ஒரே பங்கு.

அவர் முகம் வாடிற்று. மறுவாரம் திருத்திக்கொண்டு வந்தார். இம்முறை விடை சரி. அடுத்து, பாட்டனாரும் உடன்பிறந்தாரும் சேர்ந்து வரும் கணக்கைக் கொடுத்தோம். ஒரு விடை வந்தது. "இது எந்த மத்ஹபுக்கு, தம்பி? பாட்டனார் இருக்க உடன்பிறந்தாருக்கு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபாவின் சொல். ஷாஃபியீயில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊரில் இரு சாராரும் இருக்கிறார்களே" என்றோம். அவர் கைப்பேசியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, கிதாபை இரவல் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.